காசும் 'கேஷும்': ஒரு பிழைதிருத்தம்

2006ஆம் ஆண்டு நமது சங்கத்தின் பொங்கல் மலரில் நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். ஆங்கிலத்தில் கலந்துள்ள தமிழ்ச் சொற்கள் என்று இருபத்திரண்டு சொற்களைப் பட்டியல் போட்டிருந்தேன். அதில் முதல் சொல் 'கேஷ்'. நம்முடைய காசுதான் வெள்ளைக்காரன் வாயில் கேஷ் ஆயிற்று, உலகம் முழுவதும் இன்று தமிழ்ச் சொல்லைச் சொல்லித்தான் பணத்தை எண்ணுகிறது என்று பெருமிதத்தோடு முடித்திருந்தேன். விழா மேடையில் அந்த வரியை வாசித்தார்கள். கைதட்டல் பலமாகவே இருந்தது.

மறு ஆண்டு, செம்பூரில் வசிக்கும் நம் அன்பர் ஒருவருடைய மகள், அப்போது எட்டாம் வகுப்பு படித்த பெண், பள்ளிகளுக்கு இடையே நடந்த ஒரு பேச்சுப் போட்டியில் இதை அப்படியே சொல்லியிருக்கிறாள். நடுவர் ஓர் அகராதியை வரவழைத்து, 'கேஷ்' பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது என்று அச்சிட்டிருப்பதைக் காட்டினாராம். "எங்க சங்க மலர்ல போட்டிருக்கு" என்று குழந்தை சொன்னதும் கூடம் சிரித்திருக்கிறது. அடுத்த நாள் அவளுடைய தகப்பனார் என் கடைக்கு வந்தார். சண்டை ஒன்றும் போடவில்லை. மலரைக் கல்லா மேசைமேல் வைத்து, "சார், நீங்க எழுதினதத்தான் அவ சொன்னா" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரவே இல்லை.

எனவே இது ஒரு விமர்சனக் கட்டுரை, விமர்சிக்கப்படுபவன் நான்தான். இத்தனை வருஷம் ஏன் எழுதவில்லை என்று கேட்டால், வெட்கம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. இந்த இடைப்பட்ட காலத்தில் கடையில் கூட்டம் இல்லாத மத்தியான வேளைகளில் அந்த ஒரு சொல்லின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். கடைசியில் தெரிந்தது இது: நான் எழுதியது தவறு, நடுவர் காட்டியதும் முழுச் செய்தி அல்ல. அந்தப் பெண்ணுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பாதிதான் கிடைத்திருக்கிறது.

முதலில் என் தவறு எப்படி நேர்ந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஃப்ளோரா ஃபவுண்டன் நடைபாதைப் புத்தகக் கடையில் 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற பெரிய அகராதியின் மறுபதிப்பு ஒன்றை வாங்கினேன். ஆங்கிலோ-இந்தியர் பேச்சில் புழங்கிய சொற்களைத் திரட்டி யூல், பர்னல் என்ற இருவர் 1886இல் வெளியிட்ட நூல் அது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், கல்வெட்டும் ஓலைச்சுவடியும் அறிந்தவர். 'கேஷ்' என்ற பதிவில், தமிழ்க் காசு அல்லது கொங்கணிக் காசு என்பதிலிருந்து போர்த்துக்கீசியர் 'கைஷா' என்று ஆக்கிக்கொண்டதாகத் தெரிகிறது, அதிலிருந்து ஆங்கிலக் கேஷ் என்று இருந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது, புத்தகத்தை மூடிவிட்டேன். அதே பதிவின் முதல் வரி, கீழை நாடுகளில் பல இடங்களில் வழங்கிய குறைந்த மதிப்புள்ள நாணயங்களுக்கு ஐரோப்பியர் இட்ட பெயர் இது என்று தெளிவாகச் சொல்லுகிறது. எந்தக் கேஷைப் பற்றிப் பேசுகிறோம் என்று அவர்கள் வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நான்தான் வாசலைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டேன்.

ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. பெரிய ஆக்ஸ்போர்டு அகராதியில் அவை ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டுத் தனித்தனித் தலைச்சொற்களாக நிற்கின்றன. ஒரு கேஷ் பெட்டியிலிருந்து வந்தது. மற்றொரு கேஷ் நம் காசு.

பெட்டியின் கதை நீளமானது. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே ரோமாபுரியில் நூற்சுருள்களை வைக்கும் பெட்டிக்குக் 'காப்ஸா' என்று பெயர். அது இத்தாலியில் 'காஸ்ஸா', பிரான்சில் 'கெஸ்', போர்த்துக்கல்லில் 'கைஷா' ஆயிற்று. ஆங்கிலத்தில் 'கேஸ்' என்று நாம் சொல்லும் மூக்குக்கண்ணாடிக் கூடும், மருந்துக் கடையில் வாங்கும் 'கேப்ஸ்யூலும்', நம் வீட்டில் எம்.எஸ். பாடிய 'கேசட்டும்' இந்தக் குடும்பத்துப் பிள்ளைகளே. எல்லாம் பெட்டி, சின்னப் பெட்டி என்ற பொருள்தான். வட இத்தாலியில் வியாபாரமும் வட்டித் தொழிலும் செழித்த காலத்தில் 'காஸ்ஸா' என்றால் கடைக்காரனின் பணப்பெட்டி. 1494இல் வெனிஸ் நகரில் லூக்கா பச்சோலி என்ற துறவி அச்சிட்ட கணித நூலில் இரட்டைப் பதிவுக் கணக்கு முறை விளக்கப்பட்டிருக்கிறது. அதில் காஸ்ஸாவுக்கு ஓர் ஆளைப் போலத் தனிக் கணக்கு உண்டு. காஸ்ஸா எப்போதும் பற்றுப் பக்கத்தில்தான் நிற்கும், வரவுப் பக்கத்துக்குப் போனால் எங்கோ பிழை என்று அவர் எச்சரிக்கிறார். கேஷ் புத்தகம் எழுதிய எவருக்கும் இது தெரியும். பெட்டியில் இல்லாத பணத்தைப் பெட்டி கொடுக்க முடியாது. நான் கணக்குப் புத்தகம் விற்கிறவன். 'டேலி' வந்த பிறகு கேஷ் புத்தகம் கேட்டு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். ஆனால் அந்தக் கணினியும் ரொக்க இருப்பு கழித்தலுக்குப் போனால் பச்சோலி மாதிரியே எச்சரிக்கிறது.

ஆங்கிலேயர் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில். 1598இல் ஜான் ஃப்ளோரியோ வெளியிட்ட இத்தாலி-ஆங்கில அகராதியில் 'காஸ்ஸா' என்பதற்கு வியாபாரியின் கேஷ் என்று பொருள் எழுதியிருக்கிறது. அங்கே கேஷ் என்றால் இன்னும் பெட்டிதான். ஆனால் 1600இல் அச்சான ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில், பிஸ்டல் என்ற சிப்பாய் நிம் என்பவனுக்குப் பந்தயத்தில் தோற்ற கடனைக் கேஷாகவே தருகிறேன் என்கிறான். அங்கே அது பெட்டிக்குள் இருக்கும் பணம். 1755இல் வந்த ஜான்சன் அகராதி, கையிருப்புப் பணம், பெட்டியில் இருக்கும் பணம் என்று பொருள் சொல்லி, பிரெஞ்சு மூலத்தையும் காட்டிவிடுகிறது.

இப்போது ஆண்டுகளைப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எலிசபெத் மகாராணி சாசனம் கொடுத்ததே 1600 டிசம்பர் 31ஆம் தேதி. அவர்கள் மசூலிப்பட்டினத்துக்கு வந்தது 1611இல். சென்னையில் இடம் வாங்கியது 1639இல். லண்டன் நாடகக் கொட்டகையில் பிஸ்டல் கேஷ் என்று சொல்லும்போது சென்னைக் கோட்டைக்குக் கல் நட இன்னும் நாற்பது வருஷம் இருந்தது. ஆங்கிலேயன் நம் காசைக் கையில் வாங்கும் முன்பே அவன் நாட்டில் பணத்துக்குக் கேஷ் என்ற பெயர் வந்துவிட்டது. இந்த ஒரு கணக்கை 2006இல் போட்டிருந்தால் போதும்.

பெட்டியின் பெயர் எப்படிப் பணத்தின் பெயராகும் என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு நான் அகராதியைக் காட்டப் போவதில்லை. நம் கடைத்தெருவைக் காட்டுகிறேன். 'கல்லா' என்றால் என்ன? பணம் போடும் பெட்டி. இந்திக்காரரும் கடைப் பெட்டியைக் 'கல்லா' என்றே சொல்லுகிறார்கள். ஆனால் ராத்திரி கடை கட்டும்போது "இன்னிக்கிக் கல்லா எவ்வளவு?" என்று கேட்டால், பெட்டியின் நீள அகலத்தையா கேட்கிறோம்? ஒரு சினிமா நன்றாக ஓடினால் நல்லா கல்லா கட்டிடுச்சு என்கிறார்கள். பெட்டி பணமாகிவிட்டது. இந்த மும்பையிலேயே 'பேட்டி' என்றால் ஒரு லட்சம், 'கோக்கா' என்றால் ஒரு கோடி. இரண்டும் பெட்டியின் பெயர்களே. பேட்டி என்று சொல்லிச் சிரிக்கிற தரகர்களுக்குத் தாங்கள் பழைய வெனிஸ் வியாபாரிகளின் வேலையைச் செய்துகொண்டிருக்கிறோம் என்று தெரியாது. ஆங்கிலத்தில் 'பட்ஜெட்' கூடச் சின்னத் தோல்பைதான். 'ஃபிஸ்கல்' என்பதற்கு மூலம் லத்தீனில் கூடை. நாற்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்திருந்தவன் இதைக் கவனித்திருக்க வேண்டும். கண் முன்னால் இருந்ததைப் பார்க்காமல் மேடைக்காக எழுதினேன்.

பெட்டியிலிருந்து புறப்பட்ட இந்தக் கேஷ் ஒரே பொருளில் நிலையாக நின்றதும் இல்லை. 1797 பிப்ரவரியில் பிரான்சோடு நடந்த போர்க்காலத்தில் 'பேங்க் ஆஃப் இங்கிலாந்து' கேஷ் கொடுப்பதை நிறுத்தியது. அப்படியென்றால் வங்கியில் ஒன்றுமே கொடுக்கவில்லை என்று பொருள் அல்ல. நோட்டுக் கொடுத்தார்கள், தங்கம் கொடுக்கவில்லை. அன்று நோட்டு கேஷ் ஆகாது, தங்க நாணயம்தான் கேஷ். 1821இல்தான் கேஷ் கொடுப்பது பழையபடி தொடங்கியது. இன்று எந்தக் குழந்தையைக் கேட்டாலும் நோட்டுதான் கேஷ் என்று சொல்லும். இந்த நீள்பயணத்தை நாமும் ஒரு ராத்திரியில் நடந்தோம். 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்த மறுநாள் காலை என் கல்லாவில் நோட்டு இருந்தது, கேஷ் இல்லை. 

அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 1728இல் எடின்பரோவில் 'ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து' ஒரு வியாபாரிக்கு அவர் கணக்கில் இருப்புக்கு மேல் ஒரு வரம்புவரை எடுத்துக்கொள்ள அனுமதித்தது. அதற்குக் 'கேஷ் கிரெடிட்' என்று பெயர் வந்தது. நம் ஊர் வங்கிகளில் இன்றும் வியாபாரிகள் வாங்கும் 'சி.சி.' கடன் அந்த வழிதான். கையில் இருக்கும் பணத்துக்குப் பிறந்த சொல் கையில் இல்லாத பணத்துக்கும் பெயராகிவிட்டது. 'கேஷ்லெஸ்' என்பதும் அப்படி. முன்பு அது மடியில் காலணா இல்லாதவனைச் சொல்லும் சொல். இப்போது கைப்பேசியைக் காட்டிவிட்டுக் காய்கறிப் பையோடு போகிறவர்களைச் சொல்லுகிறது. தாமஸ் கார்லைல் 1839இல், மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவே ரொக்கக் கொடுக்கல் வாங்கல் ஒன்றே உறவாக மிஞ்சிவிட்டது என்று வருந்தி இந்தச் சொல்லை ஒரு வசவாகவே பயன்படுத்தினார். அதற்குள் நான் போகவில்லை, நானே வியாபாரி.

இனி மற்றக் கேஷ், நடுவர் காட்டாத கேஷ்.

நம் காசு முதலில் நாணயமே அல்ல. குறுந்தொகையின் 67ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார் ஒரு காட்சி வைக்கிறார். கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பிடித்திருக்கிறது. அது, புதிய நூலில் கோப்பதற்காகக் கூரிய நகத்தால் பிடித்த பொன்னணியின் ஒரு காசு போல இருக்கிறதாம். வேப்பம்பழம் தட்டையாகவா இருக்கும்? ஆகையால் அங்கே காசு என்பது பொன்மணி. பெண்கள் அணிந்த மேகலையின் மணிக்கும் காசு என்று பெயர் உண்டு. வடமொழிக் 'கர்ஷ' என்ற எடைச் சொல்லிலிருந்து காசு வந்திருக்கலாம் என்று 'ஹாப்சன்-ஜாப்சன்' சொல்லுகிறது. எடையின் பெயர் நாணயத்துக்கு வருவது இயல்பு. கோக்கும் மணிக்கு வருவது அத்தனை இயல்பாகப் படவில்லை. மணிப் பொருள் நம்மிடம் பழமையாக இருப்பதால் காசு தமிழே என்பது என் கணிப்பு. பிராகிருத வழி வந்தது என்று நாளை யாராவது நிறுவினாலும் எனக்கு நஷ்டம் இல்லை. எங்கள் ஆகமங்கள் பிராகிருதம், எங்கள் வீட்டுப் பேச்சு தமிழ். இரண்டும் வீட்டுச் சொத்துதான்.

சோழர் காலத்தில் காசு பொன் நாணயம். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டுகளில், கோயில் பணத்தை ஊர்ச் சபைகள் கடனாகப் பெற்று ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி கட்டின என்று வருகிறது. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. தெருவில் கைமாற்று வாங்கிப் பார்த்தவர்களுக்கு ராஜராஜனுடைய அருமை தெரியும். காசு என்பதற்குக் குற்றம் என்ற பொருளும் உண்டு. 'காசறு' என்றால் குற்றமற்ற. யாப்பிலக்கணத்திலும் காசு உண்டு. வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாகத்தான் முடிய வேண்டும். 1330 குறளும் அப்படித்தான் முடிகின்றன. காரிகை கற்றவர்களுக்கு அந்த நான்கு சொற்களைத் தந்த அமிதசாகரர் சமணர் என்பதைச் சொல்லிக்கொள்ள எனக்கு அனுமதி வேண்டும்.

பொன்னாக இருந்த காசு பிறகு செம்புக்கு இறங்கியது. 1510இல் அச்சான லுடோவிகோ டி வார்த்தெமா என்ற இத்தாலியரின் பயண நூலில், விஜயநகரப் பகுதியில் 'காஸ்' என்ற நாணயம் வழங்குவதாகவும் அதில் பதினாறு சேர்ந்தால் ஒரு வெள்ளித் 'தாரெ' என்றும் கணக்கு வருகிறது. நாஞ்சில் நாட்டுப் பெரியவர்கள் திருவிதாங்கூர் வாய்பாட்டை நினைத்துப் பார்க்கலாம். அங்கேயும் பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய்.

இந்தச் சின்னச் செப்புக் காசைத்தான் போர்த்துக்கீசியர் கையில் எடுத்தார்கள். அவர்கள் காதில் விழுந்தது 'காசு'. அவர்கள் நாக்கில் ஏற்கெனவே இருந்தது 'கைஷா', அதாவது பெட்டி. பழகின சொல்லின் அச்சில் புதுச் சொல்லை வார்த்துவிட்டார்கள். 'கட்டுமரம்' வெள்ளைக்காரன் வாயில் போனபோது அவனிடம் அதற்கு ஒத்த சொல் இல்லாததால் அது கட்டுமரமாகவே தெரிகிறது. காசுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. போன இடத்தில் அதன் சாயலில் இன்னொருவன் ஏற்கெனவே குடியிருந்தான். ஆங்கிலத்துக்கு வந்தபோது அதே கதை இரண்டாவது தடவை நடந்தது. ஒரே சாயலில் இருவர் நிற்கும்போது நான் ஒருவன் பெயரில் வந்த வாழ்த்துமடலை மற்றவனிடம் கொடுத்துவிட்டேன். அகராதியில் முதல் ஆளை மட்டும் பார்த்த நடுவர், இரண்டாவது ஆள் இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டார்.

இருந்த ஆள்தான், அதற்கு உலோக சாட்சி உண்டு. சென்னை மாகாணத்தில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். ஆக ஒரு வராகனுக்கு 3360 காசு. கம்பெனி இந்தக் காசுகளை இங்கிலாந்திலேயே பர்மிங்காம் நகரத்து சோஹோ நாணயச் சாலையில் அடித்து அனுப்பியது. 1803ஆம் ஆண்டு இருபது காசில் ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் ஆங்கிலத்தில் கேஷ், கூடவே பாரசீக எழுத்தில் இருபது காஸ் நாலு ஃபலூஸ் என்று வாசகம். சந்தேகமே இல்லாமல் நம் காசு, இங்கிலாந்தில் அச்சாகி, ஆங்கில எழுத்தில். 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் இப்படிப்பட்ட பத்துக் காசு, இருபது காசு நாணயங்களை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்டது. 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டுத் தாண்டு முன்பே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் மூழ்காளர்கள் லட்சக்கணக்கில் காசுகளை மேலே எடுத்தார்கள். அதில் ஒன்று என்னிடம் இருக்கிறது. அங்கே கடைத்தெருவுக்கு வர வேண்டிய காசு, மணலுக்குள் கிடந்ததால் தேயாமல் இருக்கிறது. 1818இல் சென்னை ரூபாய்க் கணக்குக்கு மாறியதும் கம்பெனிக் காசின் காலம் முடிந்தது. திருவிதாங்கூரில் மட்டும் 1949வரை ஓடியது.

ஆனால் நம் காசின் பெரிய பயணம் மேற்கே அல்ல, கிழக்கே. 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர், 1557இல் மக்காவில் குடியேறினார்கள். போன வழியெல்லாம் கண்ட சின்ன நாணயங்களுக்கு இந்தியக் கரையில் பழகிய 'கைஷா' என்ற பெயரையே வைத்தார்கள். ஜாவாவிலே துளையிட்ட ஈயக்காசு, சீனாவிலே நடுவில் சதுரத் துளை போட்ட செப்பு நாணயம் எல்லாம் கைஷா. பின்னால் வந்த ஆங்கிலேயருக்குக் கேஷ். சீனர் அதை 'சியென்' என்று தங்கள் மொழியில் அழைத்தார்கள். கி.பி. 621இல் தாங் அரசு தொடங்கிய நாணய அமைப்பு ஏறக்குறைய மாறாமல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நடந்தது. அத்தனை நூற்றாண்டு நாணயங்களுக்கும் இன்று உலகத்து நாணயச் சேகரிப்பாளர்கள் ஆங்கிலத்தில் சொல்லும் பெயர் 'சீனக் கேஷ்'. லண்டன் அருங்காட்சியகமானாலும் நியூயார்க் ஏலக்கூடமானாலும் அந்தப் பெயர்தான். அங்கே நிற்பது பிரெஞ்சுப் பெட்டி அல்ல, நம் காசு. அந்தப் பெண் மேடையில் இதைச் சொல்லியிருந்தால் எந்த அகராதியும் அவளை உட்கார வைத்திருக்காது. நான் அவளுக்கு அதைத் தரவில்லை.

சங்கப் பாட்டில் காசு கோக்கப்படுவது, சீனக் காசு துளையிட்டுச் சரத்தில் கோக்கப்படுவது! எழுதும்போதே கை துறுதுறுக்கிறது. இல்லை, இது தற்செயல். இதை வைத்து இன்னொரு கட்டுரை நான் எழுதிவிடக் கூடாது. இன்னொன்றும் அப்படித்தான். புதுக்கோட்டை அம்மன் காசு இருபது சேர்ந்தால் ஒரு அணா, ஆக ரூபாய்க்கு 320. தமிழ்க் கீழ்வாய் இலக்கத்தில் 320இல் ஒரு பங்குக்குப் பெயர் முந்திரி. முந்திரிக்கு ஆங்கிலம் 'கேஷ்யூ'! மூன்றும் எத்தனை அழகாகப் பூட்டிக்கொள்கின்றன பாருங்கள். ஆனால் கேஷ்யூ பிரேசில் நாட்டுத் தூப்பி மக்கள் தங்கள் மரத்துக்கு வைத்திருந்த பெயரிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. காசுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி இல்லை. காசாளரைச் சொல்லும் 'கேஷியர்' பெட்டி வழி வந்தவர். ராணுவத்தில் ஒருவரைப் பதவியிலிருந்து விரட்டுவதற்குச் சொல்லும் 'கேஷியர்' வேறு, அது லத்தீனில் ரத்து செய்தல் என்ற வினையிலிருந்து டச்சு வழியாக வந்தது. நம் பிள்ளைகள் கணினியில் துடைக்கச் சொல்கிற 'கேஷ்' பிரெஞ்சில் ஒளித்துவைத்தல் என்ற சொல். ஓசை ஒத்துப்போவதை மட்டும் வைத்துச் சொந்தம் கொண்டாடினால் இத்தனை பேரையும் பந்தியில் உட்கார வைக்க வேண்டி வரும்.

நம் ஆட்கள் மட்டும் இப்படிச் செய்கிறார்கள் என்று இல்லை. எல்லா மொழிக்காரரும் செய்வதுதான். வெளிமாநிலத்தில் இருக்கிற நமக்கு ஆசை கொஞ்சம் கூடுதல். சுற்றிலும் வேறு மொழி. பிள்ளைக்குத் தமிழ் எழுத்து வராது. அவனைப் பிடித்து நிறுத்த ஏதாவது ஒரு பெரிய வார்த்தை சொல்ல வேண்டும் போல இருக்கிறது. 'ஒன்' என்பது ஒன்று, 'க்ரை' என்பது கரைதல் என்று ஆரம்பிக்கிறோம். மலர்க் குழுவில் யாரும் சரிபார்ப்பதில்லை. என் கட்டுரையையும் யாரும் சரிபார்க்கவில்லை. நானும் அப்போது யாராவது கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பேன்.

இத்தனைக்கும் நம்மிடம் நல்ல முன்மாதிரி இருந்தது. மண்டலபுருடர் என்ற சமணர் செய்த சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதி 'ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதி'. ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் வழங்குமோ அத்தனையும் விருத்தத்தில் அடக்கி, எதுகை வரிசையில் வைத்திருக்கிறார். திண்ணைப் பள்ளிக் காலத்தில் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். அதில் எனக்கு ஒரு குறை உண்டு. எந்தப் பொருள் முந்தியது, எது பிந்தியது என்று நிகண்டு சொல்வதில்லை; பொன்மணியும் குற்றமும் நாணயமும் ஒரே திண்ணையில் வயது தெரியாமல் உட்கார்ந்திருக்கும். ஆங்கிலப் பேரகராதி ஒவ்வொரு பொருளுக்கும் முதல் சான்றும் ஆண்டும் கொடுக்கிறது. அந்த விஷயத்தில் அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் நிகண்டுகாரர் எதையும் தம் ஊர்ச் சரக்கு என்று உரிமை கொண்டாடவில்லை. சொல் புழங்குகிறதா, பொருள் என்ன என்று கேட்டார், அத்தோடு நிறுத்தினார். 'துட்டு' என்று நாம் சொல்லுகிறோமே, அது டச்சுக்காரரின் 'டொய்ட்' என்ற சில்லறை நாணயம். 'ரொக்கம்' என்பது இங்கே மராத்தியர் சொல்லும் 'ரோக்', குஜராத்தியர் சொல்லும் 'ரோகட்' என்பவற்றின் உறவு. இவற்றை வாங்கியதால் தமிழ் ஒன்றும் இளைத்துப் போகவில்லை.

போன மாதம் அந்தப் பெண்ணின் தகப்பனாரை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். மகள் இப்போது புனேயில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாளாம். இந்தக் கட்டுரையின் விஷயத்தைச் சொன்னேன். "அவளுக்குத் தமிழ் படிக்க வராதே சார், நான் படிச்சுச் சொல்றேன்" என்றார். அட்மிரல் கார்ட்னர் காசை அவர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பழைய மலரை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எடுத்து என் பட்டியலைத் திருத்திக்கொள்ளுங்கள். 'ஒன்', 'க்ரை' இரண்டையும் அடித்துவிடுங்கள். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர், அணைக்கட்டு இந்த நாலும் அசல் சரக்கு, அப்படியே இருக்கட்டும். 'கேஷ்' என்ற முதல் வரியை அடிக்க வேண்டாம். அதன் பக்கத்தில் 'சீனாவில்' என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்.